ஆறு டப்பாவுக்கு ஒரு வயிறு

ஐசக்கின் ரிக்ஷாவில் மூன்று பேர் உட்காரலாம் என்பது அரசாங்கத்தின் கருத்து. காலை ஆறே முக்காலுக்கு அது சாங்வியிலிருந்து கடக்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது பின்சீட்டில் நான்கு பிள்ளைகள் இருப்பார்கள். எதிரே ஐசக் தானே அடித்துப் பொருத்திய பலகையில் இன்னும் இரண்டு பேர். வெளியே இரு பக்கமும் கொக்கிகளில் ஆறு புத்தகப் பைகளும் ஆறு தண்ணீர்ப் பாட்டில்களும் ஊஞ்சலாடும். இவ்வளவுக்கும் முன்னால், காக்கிச் சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட முடியாமல் ஐசக் உட்கார்ந்திருப்பார். புனேயில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற ரிக்ஷாக்காரருக்குக் 'காகா' என்று பெயர். சித்தப்பா என்று அர்த்தம். பிள்ளைகள் அப்படிக் கூப்பிடுவதால் அப்பா அம்மாவும் அப்படியே கூப்பிடுவார்கள். ஒரே மனிதர் ஒரு குடும்பம் முழுக்கவும் சித்தப்பாவாக இருப்பதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

ஐசக் பிறந்தது கடக்கியில். அவருடைய தாத்தா பட்டாளத்தோடு நாசரேத் பக்கமிருந்து வந்து, பட்டாளம் போன பிறகும் போகாமல் தங்கிவிட்டவர். மூன்றாவது தலைமுறைக்கு வரும்போது மொழிகள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. எண்ணினால் மராத்தி, வைதால் இந்தி, ஜெபித்தால் தமிழ். ஐசக் அதிகம் பேசியது இந்தி.

காரணம் அவருடைய வயிறு. பிம்ப்ரியில் ஒரு கம்பெனியில் பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவர், தொண்ணூற்று நான்கில் கம்பெனி மூடியதும் ரிக்ஷா ஓட்ட வந்தார். அன்றிலிருந்து எட்டு வருடமாகக் காலையில் பன்னுக்குள் வடை வைத்த வடா பாவ், பத்து மணிக்கு வடா பாவ், நடுவில் எத்தனை டீ என்று டீக்கடைக்காரனுக்கே தெரியாது. பதினோரு மணி வாக்கில் நெஞ்செரிச்சல் ஏறும். அதற்குமேல் எவன் மீட்டரைச் சந்தேகப்பட்டாலும் அவனுடைய வம்சத்தை ஐசக் இந்தியில் விசாரிப்பார். வீட்டுக்கு வந்தால் மனைவி மில்ட்ரெட். கடக்கி பஜாரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்த அவர், மாதம் இரண்டு அட்டை நெஞ்செரிச்சல் மாத்திரையைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்துவிட்டு, சண்டைக்குத் தயாராக உட்காருவார்.

பிள்ளைகளிடம் மட்டும் ஐசக் கத்தியதில்லை. சொந்தப் பிள்ளை இல்லாதவர் என்பதால் என்று ஸ்டாண்டில் சொல்வார்கள். அவரைக் கேட்டால், காலையில் நெஞ்செரிச்சல் தொடங்குவதற்குள் அவர்களை இறக்கிவிட்டுவிடுவேன் என்பார்.

இரண்டாயிரத்து இரண்டு ஜூனில் அந்த ரிக்ஷாவில் கோகுல்நாத் ஏறினான். ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. அப்பா பாலச்சந்திரன் ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் கம்பெனி, பையன் தூங்கிய பிறகு வருவார், பையன் எழுவதற்குள் போவார். அம்மா பட்டு, பொள்ளாச்சிக்காரர், எதையும் அரைகுறையாகச் செய்யாதவர். அவர் கட்டிக் கொடுக்கும் டப்பாவைத் திறந்தால் ஒரு மூலையில் காய், ஒரு மூலையில் பருப்பு, நடுவில் கேரட் சாதம். பையன் சாப்பிடாமல் கொண்டுவந்தால் பட்டு திட்டமாட்டார். எதிரே உட்கார்ந்து, "ஏன் கண்ணு, அம்மா சமையல் நல்லா இல்லியா?" என்று கேட்பார். திட்டு வாங்குவதே மேல் என்று கோகுல்நாத் நினைத்தான்.

ஜூலையில் ஒரு மத்தியானம். மழையில் ஔந்த் பாலத்துக்கு முன்னால் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. தார்ப்பாய்க்குள்ளிருந்து விசும்பல் கேட்டது.

"என்னல ஆச்சு?" என்றார் ஐசக், திரும்பாமல்.

"டப்பா ஃபினிஷ் பண்ணல காகா. ரீசஸ்ல கபடி வெளையாடினோம். அம்மா கேப்பாங்க." பிறகு, கொஞ்சம் நம்பிக்கையோடு, "ஆத்துல போட்டுடட்டா?"

ஐசக் திரும்பினார். எட்டுப் பேர் பிறந்த வீட்டில் ஏழாவதாகப் பிறந்தவர் அவர். சோற்றை எறியாதே என்பது பத்துக் கட்டளைகளில் விட்டுப்போன பதினொன்றாவது என்று அவருக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள்.

"சாப்பாட்ட எறியப்பிடாதுல. பாவம். இங்க தா."

டப்பாவை மடியில் வைத்துக் கண்ணை மூடி, ஒரு வரி ஜெபம் பண்ணினார். கேரட் சாதம் ஆறிப்போயிருந்தாலும் நன்றாக இருந்தது. முன்னால் வண்டிகள் நகர்வதற்குள் டப்பா காலி. "ஆமென்" என்று மூடிக் கொடுத்தார். பிள்ளைகள் ஆறு பேரும் இந்த அற்புதத்தை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் இரண்டு டப்பா வந்தது. கோகுல்நாத்தோடு மீனுவும் நீட்டினாள்; ஆறு வயது, அவன் குடியிருந்த அதே கட்டடம், மூன்றாவது மாடி. வாரக் கடைசியில் ஆறும் வந்தன. ஒன்பது வயது ஜோஷுவா எல்லோருக்கும் மூத்தவன் என்பதால் வரிசை பிடிக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டான். பாலத்தைத் தாண்டி ஒரு வேப்பமரம். அங்கே ரிக்ஷா ஐந்து நிமிடம் நிற்கும். ஒவ்வொரு டப்பாவுக்கும் தனி ஜெபம், ஏனென்றால் ஒவ்வொன்றும் தனி வீட்டுச் சோறு. ஆறு ஜெபம், ஆறு ஆமென். ஆமென் மட்டும் பிள்ளைகள் சேர்ந்து சொல்வார்கள். உபகாரம் செய்கிறோம் என்று ஐசக் நம்பினார். ஆறு தாய்மாரின் மனம் குளிர்கிறது, ஆறு பிள்ளைகளுக்குக் கேள்வி இல்லை, சோறும் வீணாகவில்லை. இதில் கர்த்தருக்கு என்ன ஆட்சேபணை இருக்க முடியும்?

சாங்வியில் பட்டு டப்பாவைத் திறந்து பார்த்து, கழுவியதுபோல் இருக்கக் கண்டு பூரித்தார். பையன் டப்பாவை மூடும்போது ஏன் "ஆமென்" என்கிறான் என்பது மட்டும் விளங்கவில்லை. கடக்கிப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டார்.

ஆகஸ்டில் பள்ளி டைரியில் சிவப்பு மை வரத் தொடங்கியது. கோகுல்நாத் கடைசிப் பீரியடில் பென்சிலை எறிந்தான். கோகுல்நாத் கடைசிப் பீரியடில் மேஜைக்கு அடியில் போய் வர மறுத்தான். செப்டம்பர் முதல் வாரம்: கோகுல்நாத் பக்கத்துப் பையனின் முழங்கையைக் கடித்தான். அடுத்த வாரம்: அவனுடைய இன்னொரு முழங்கையை.

பட்டு அவனை ஔந்தில் குழந்தைகள் டாக்டர் சந்திரிகாவிடம் கூட்டிப் போனார். டாக்டர் எடை பார்த்தார். ஜூனில் இருந்ததைவிட முக்கால் கிலோ குறைவு.

"சாப்பிடறானா?"

"டப்பா தினமும் காலிங்க டாக்டர். ஒரு பருக்கை இருக்காது."

டாக்டருக்கு அது விளங்கவில்லை. கலர் போட்ட மிட்டாய், பாக்கெட் தின்பண்டம் எல்லாம் பிள்ளைகளை ஆட வைக்கும் என்று சிலர் சொல்கிறார்கள், எல்லாப் பிள்ளைக்கும் அப்படி என்று உறுதியில்லை, எதற்கும் குறைத்துப் பாருங்கள் என்றார். வேளைக்கு வயிறு நிறையச் சத்தாகச் சாப்பிட வேண்டும், அது உறுதி என்றார். ஒரு தாளில் பட்டியல் எழுதிக் கொடுத்தார்: ராகி உருண்டை, முளைகட்டிய பயறு, அவித்த முட்டை, பேரீச்சை, வேர்க்கடலை, பருப்பு அடை.

அந்தத் தாள் ஒரே வாரத்தில் கட்டடம் முழுக்கச் சுற்றியது. அந்தப் பையன் கடிக்கிறான் என்றால் நம் பிள்ளையும் நாளைக்குக் கடிக்கலாம் என்று மற்ற ஐந்து வீட்டிலும் அதே பட்டியலைப் பிடித்துக்கொண்டார்கள். வேப்பமரத்தடியில் ஐசக் ஒரு திங்கட்கிழமை ஆறு டப்பாவிலும் சேர்த்து ஐந்து முட்டை, எட்டு ராகி உருண்டை, இரண்டு கைப்பிடி பயறு சாப்பிட்டார். வடா பாவுக்கு வயிற்றில் வழியில்லாமல் போனது. டீ குறைந்தது.

பலன் பதினைந்து நாளில் தெரிந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்தபடியே எல்லாம் நடந்தது, ஆள் மட்டும் வேறு. ஐசக்கால் கடைசிப் பொத்தானைப் பூட்ட முடிந்தது. முகம் தெளிந்தது. பதினோரு மணிக்கு வந்துகொண்டிருந்த எரிச்சல் வரவில்லை. மீட்டரைச் சந்தேகித்த ஒரு பயணியிடம், "நீங்களே பாத்து குடுங்க சாஹேப்," என்றார். அந்த ஆள் பயந்துபோய் அதிகம் கொடுத்துவிட்டு ஓடினான். ஸ்டாண்டில் மற்ற ரிக்ஷாக்காரர்கள், ஐசக் ஏதோ புது ஜெபக்கூட்டத்தில் சேர்ந்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். அதே நேரத்தில் பின்சீட்டில் ஆறு பிள்ளைகள் ஒருவர் தலையை ஒருவர் தண்ணீர்ப் பாட்டிலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஏன் இத்தனை கோபம் என்று ஐசக் சாந்தமாக யோசித்தபடி ஓட்டினார்.

அக்டோபர் தொடக்கத்தில் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. தீபாவளி லீவுக்குள் இன்னொரு முறை கடித்தால் கோகுல்நாத்தை வைத்துக்கொள்ள முடியாது. பாலச்சந்திரன் முதல் தடவையாகச் சீக்கிரம் வீட்டுக்கு வந்து, அப்படி ஆனால் பையன் பொள்ளாச்சியில் தாத்தா வீட்டில் இருந்து படிக்கட்டும் என்று முடிவாகச் சொன்னார். இதைப் பட்டு ரிக்ஷாவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஐசக்கிடம் சொன்னபோது, உள்ளே கோகுல்நாத் கால்களை ஆட்டுவதை நிறுத்தினான். அன்று முழுக்க அவன் 'காகா' என்று கூப்பிடவே இல்லை. ஐசக்குக்கு அது என்னவோ செய்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் மில்ட்ரெட் கைப்பையை மேஜைமேல் வைத்தார்.

"யாரு அவ?"

"எவ?"

"ரெண்டு வாரமா நெஞ்செரிச்சல் மாத்திரை கேக்கல. வீட்டுச் சோத்தக் கொத்திட்டு எந்திரிக்கிய. நேத்து எங்க அம்மா போன் பண்ணுனாவ, சிரிச்சுப் பேசுதிய. பதினாறு வருசத்துல எங்க அம்மாகிட்ட யாராவது சிரிச்சுப் பேசியிருக்காவளா? எவளோ உங்களுக்குச் சோறு போடுதா."

ஐசக் யோசித்துப் பார்த்தார். பொய் சொல்ல ஏதுவில்லை.

"ஒருத்தி இல்ல, மில்ட்ரெட். ஆறு பேரு."

மில்ட்ரெட் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஐசக் எல்லாவற்றையும் சொன்னார். கபடி, வேப்பமரம், ஆறு ஜெபம். சொல்லச் சொல்ல மில்ட்ரெட்டின் முகம் லேசானது. பிறகு திடீரென்று மாறியது.

"பிள்ளையோட சோத்தையா தின்னிய?"

"பிடுங்கித் திங்கல. குடுத்தாவ. வீணாப் போவக்கூடாதுன்னு."

"அந்தப் பய எத்தன மணிக்குக் கடிக்கான்?"

"கடைசிப் பீரியடுல. பதினொண்ணரை இருக்கும்."

"விடியக்காலம் ஆறு மணிக்கு ஒரு டம்ளர் பாலக் குடிச்சிட்டு வாரான். பத்து மணிக்கு டப்பாவத் திங்கல, ஏன்னா திங்கதுக்கு நீங்க இருக்கிய. பதினொண்ணரைக்குக் கடிக்காம என்ன செய்வான்? நீங்க அந்நேரம் வண்டியில ஏறுதவன எல்லாம் கடிக்கலியா, எட்டு வருசமா?"

ஐசக்குக்கு வாழ்க்கையில் இவ்வளவு நேரடியாக ஒரு விஷயம் புரிந்ததில்லை. சொன்னால் ஆறு வீடும் போகும். பிள்ளைகளின் சோற்றைத் தின்ற காகாவை எந்தத் தாய் வைத்துக்கொள்வாள்? சொல்லாவிட்டால் பையன் பொள்ளாச்சிக்குப் போவான். மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தார். மில்ட்ரெட் வைத்த கறிக்குழம்பைக்கூட ஒரு அகப்பையோடு நிறுத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேரே சாங்விக்குத் திரும்பி வந்தார். பட்டு கதவைத் திறந்தபோது கையில் ஒரு நோட்டு இருந்தது.

"நல்ல வேளை வந்தீங்க காகா. நீங்களே சொல்லுங்க. எந்தச் சாப்பாட்டுக்கு இவனுக்குக் கோவம் வருதுன்னு எழுதிப் பாத்துட்டிருக்கேன். போன திங்கள், ராகி உருண்டை. அன்னிக்கு நோட்டைக் கிழிச்சான். செவ்வாய், பயறு. அன்னிக்குச் சும்மா இருந்தான். புதன், அடை. அன்னிக்குத்தான் டீச்சரோட டஸ்டரைக் கடிச்சான். அடையில ஏதாவது சூடு இருக்குங்களா?"

ஐசக் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"அடைக்குக் கோவம் வராதும்மா," என்றார். "அன்னைக்கு நான் நல்லா தூங்குனேன்."

பட்டு நோட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். ஐசக் மீதியையும் சொல்லி முடித்தார். கடைசியில், "நீங்க வேற காகா பாத்துக்கிடலாம்மா. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். பய மட்டும் இங்கயே இருக்கட்டும்," என்றார்.

பட்டு நோட்டை மூடினார். பிறகு கேட்டார்.

"என் ராகி உருண்டையெல்லாம் நீங்களா காகா தின்னீங்க?"

"ஆமாம்மா."

"ஒண்ணுகூட அவன் வாயில வெக்கலியா?"

"ஒருக்க நக்கிப் பாத்தான்."

"எப்படித்தான் இருந்துச்சு?"

இதற்குப் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று உண்மை சொல்ல வந்த நாள். "மொதல்ல நல்லாருந்துச்சும்மா. போன வாரத்துலேர்ந்து வெல்லம் பத்தல. முழுங்க கஷ்டமாருந்துச்சு."

போன வாரம்தான் பட்டு இனிப்பைக் குறைத்திருந்தார். வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். அழப்போகிறார் என்று ஐசக் பயந்தார். பட்டு சிரித்தார், அதுவும் ஒரு தினுசாக, மூச்சு வாங்கும்படி. சிரிப்பு நின்றதும் குரல் மாறியிருந்தது.

"தீபாவளி வரைக்கும் பாப்பேன். பத்து நாள் ஸ்கூல் இருக்கு. அதுக்குள்ள அவன் பல்லு யார் மேல பட்டாலும் அஞ்சு வீட்டுக்கும் சொல்லிருவேனுங்க. அப்பறம் நீங்க சாங்விப் பக்கமே வர முடியாது."

"சரிம்மா."

"அவனுக்கு என்னதான் காகா புடிக்கும்? உங்களுக்குத்தான் தெரியும்போல."

ஐசக்குக்குத் தெரியும். மீனு கொண்டுவரும் டப்பாவில் எப்போதாவது நெய் தடவி, வெல்லம் தூவி, சுருட்டிய சப்பாத்தி இருக்கும். அது ஒன்றுதான் மரத்தடிக்கு வந்து சேர்ந்ததே இல்லை. பாதி மீனுவுக்கு, பாதி கோகுல்நாத்துக்கு. பட்டு முகத்தைச் சுளித்தார், டாக்டரின் தாளைப் பார்த்தார், வெல்லமும் இரும்புச்சத்துதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

அன்றிலிருந்து காலை பத்து மணிச் சவாரியை ஐசக் விட்டுவிட்டார். இடைவேளை மணி அடிக்கும்போது பள்ளிக் கேட்டின் கம்பிகளுக்கு வெளியே நிற்பார், மில்ட்ரெட் கட்டிக் கொடுத்த தன் சொந்த டப்பாவோடு. கம்பிக்கு உள்ளே ஆறு பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும், ஒரே நேரத்தில் முடிக்க வேண்டும். முடித்தவன்தான் கபடிக்குப் போகலாம். முதல் நாள் கோகுல்நாத் சப்பாத்தியைத் தின்றுவிட்டு முட்டையைக் கம்பி வழியாக நீட்டினான். ஐசக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நீட்டிய முட்டை நீட்டியபடியே இருந்தது. கபடிக் கூச்சல் கேட்டது. முட்டை திரும்பிப் போனது.

ஒன்பது நாள் டைரியில் சிவப்பு மை இல்லை.

பத்தாவது நாள், லீவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஔந்த் ரோட்டில் ரிக்ஷா பஞ்சரானது. ஐசக் சக்கரத்தை மாற்றிவிட்டு, கிரீஸ் கையோடு கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது இடைவேளை முடிய ஐந்து நிமிடம். அங்கே பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஜோஷுவா வரிசை பிடித்துக்கொண்டிருந்தான். வரிசையின் தலைப்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார் பள்ளி வாட்ச்மேன் துகாராம். மடியில் கோகுல்நாத்தின் டப்பா.

"வா காகா," என்றார் துகாராம், வாய் நிறைய. "ரொம்ப நல்ல பிள்ளைங்க. பெரியவங்க பசியப் பாக்கறாங்க."

"துகாராம், முழுங்காத," என்றார் ஐசக்.

துகாராம் முழுங்கினார். டப்பாவில் நான்கு பயறு மீதி இருந்தது. கோகுல்நாத் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நிரபராதி முகத்தோடு பார்த்தான். இன்னும் இரண்டு பீரியட். கடைசிப் பீரியடில் அவனுக்கு இருபுறமும் நான்கு முழங்கைகள்.

ஐசக் தன் டப்பாவைத் திறந்தார். மூன்று சப்பாத்தி, முட்டைப் பொரியல், ஒரு வாழைப்பழம். ஒன்றொன்றாகக் கம்பி வழியாக உள்ளே நீட்டினார்.

"தின்னு."

"இது உங்களுது காகா."

"தின்னுல. மணி அடிக்கப் போவுது."

"ஜெபம் பண்ணலியா?"

ஐசக் கண்ணை மூடினார். வழக்கமான வரி வரவில்லை. 'ஆண்டவரே, பன்னிரண்டரை வரைக்கும்' என்று மட்டும் வந்தது. ஆறு பேரும் ஆமென் சொன்னார்கள். துகாராமும் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினார். கோகுல்நாத் மூன்று சப்பாத்தியையும் தின்றான், பொரியலைத் தின்றான், பழத்தை இரண்டு கன்னத்திலும் அடைத்துக்கொண்டு வகுப்புக்கு ஓடினான். மற்ற ஐந்து பேரும், காகாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவரவர் டப்பாவை அவரவரே முடித்தார்கள்.

ஐசக் எங்கும் போகவில்லை. ஸ்டூலில் துகாராமும், தரையில் ஐசக்கும். பதினோரு மணிக்கு ஐசக்கின் நெஞ்சில் பழைய எரிச்சல் எட்டிப் பார்த்தது. பதினொன்றரைக்கு துகாராம் ஏதோ கேட்டதற்கு இந்தியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, உடனே மன்னிப்புக் கேட்டார். மேல்மாடியில் எந்தச் சத்தம் கேட்டாலும் தலையைத் தூக்கினார்.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. கோகுல்நாத் வழக்கத்தைவிட மெதுவாக, வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தான். ஐசக் பையை வாங்கவில்லை, டைரியைக் கேட்கவில்லை.

"யாரையாவது கடிச்சியால?"

கோகுல்நாத் கொஞ்சம் யோசித்தான்.

"இல்ல காகா," என்றான். "எடம் இல்ல."